மஞ்சள் விழுந்துருச்சுங்க

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஏலம் முடிந்ததும் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "ஏனுங்க, மஞ்சள் என்னங்க ஆச்சு?" "விழுந்துருச்சுங்க, ஐந்நூறு ரூபாய்." இருபத்திரண்டு வருசமாக இதே பேச்சுதான். இதற்குள் ஓர் இலக்கணம் உட்கார்ந்திருக்கிறது என்று போன வாரம்தான் தெரிந்தது.

ஒன்பதாவது படிக்கும் மகள் ஆகுபெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றின் பெயர் அதோடு சம்பந்தப்பட்ட இன்னொன்றுக்கு ஆகி வந்தால் அது ஆகுபெயர். 'ஊர் சிரித்தது' என்றால் சிரித்தது ஊரில் இருப்பவர்கள், அதனால் இடவாகுபெயர். அது உடனே பிடிபட்டுவிட்டது. 'மஞ்சள் பூசினாள்' என்பதில்தான் சண்டை. நிறத்தின் பெயர் அந்த நிறமுள்ள பொருளுக்கு ஆகி வந்ததால் பண்பாகுபெயர் என்கிறது பாடப்புத்தகம். "ஏப்பா, கிழங்கோட பேர்தானே நிறத்துக்கு வந்திருக்கும்?" என்றாள். 2019-இல் மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரி வேறெப்படிக் கேட்பாள்? எனக்கும் மனசு அவள் பக்கம்தான். பரீட்சையில் புத்தகத்தில் இருக்கிறபடியே எழுது அம்மிணி என்று சொல்லிவைத்தேன்.

சரி, மண்டியில் 'மஞ்சள் விழுந்தது' என்கிறோமே, அது என்ன என்று அவளிடம் கேட்டேன். மூட்டையா விழுந்தது? விலைதானே. புத்தகத்தில் இருந்த வகைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். எதிலும் ஒழுங்காக உட்காரவில்லை.

நன்னூல் சூத்திரத்தைத் தேடினோம். பொருள், அளவை, கருவி, காரியம் என்று அடுக்கிக்கொண்டே போய், "ஆதியுள் ஒன்றன் பெயரான் அதற்கு இயை பிறிதைத் தொன்முறை உரைப்பன ஆகுபெயரே" என்று முடிக்கிறார் பவணந்தி முனிவர். நம்ம பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்பார்கள். 'ஆதி' என்றால் முதலிய. அந்தச் சந்தில் எங்கள் மஞ்சளும் நுழைந்துவிடும் என்பது என் வாதம்.

எனக்குப் பிடித்தது 'இயை', 'தொன்முறை' என்ற இரண்டு சொற்கள். மஞ்சளுக்கும் விலைக்கும் சம்பந்தம் உண்டு, அதுதான் இயைபு. ஆனால் சாக்குக்கும்தான் சம்பந்தம் இருக்கிறது. நாளைக்கு நான் "சாக்கு விழுந்துருச்சுங்க" என்றால், யார் தலையில் என்று கேட்பார்கள். காலங்காலமாக அப்படிப் பேசி வந்திருக்க வேண்டும், அதுதான் தொன்முறை.

சாயல் இருந்தால் கதை வேறு. ஏலத்துக்கு வரும் மாதிரித் தட்டில் விரல் மாதிரி நீண்டிருப்பது விரலி. வியாபாரி ஒன்றை எடுத்துப் படக்கென்று ஒடித்து உள்ளே நிறம் பார்ப்பார். 'விரல் போன்ற மஞ்சள்' என்று யாராவது முதலில் உவமை சொல்லியிருப்பார்கள். இப்போது 'போன்ற'வும் இல்லை, அது உவமை என்ற நினைப்பும் இல்லை. "விரலி எத்தனை மூட்டைங்க?" என்று நானே தினமும் கேட்கிறேன். உவமைக்குச் சாயல், ஆகுபெயருக்குச் சம்பந்தம் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள் மகள். பள்ளிக்கூடத்தில் நான் மனப்பாடம் செய்த பதினாறு வகையில் இன்று ஆறுகூட ஞாபகம் இல்லை.

அன்று ராத்திரி சிவகிரியிலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். "ஏனுங்க, மஞ்சள் எந்திரிச்சுதுங்களா?" போன் சத்தம் அவளுக்கும் கேட்டுவிட்டது.

"அப்பா, இதுவும் தொன்முறையா?"

இன்னும் இல்லீங்க என்றேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.