பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிய நேரம்

என் வீட்டுக்காரர் 2024 ஏப்ரலில் கனடா போனார், ஒன்டாரியோவில் ஒரு சின்ன ஊர் ஹோட்டலுக்கு, குக் வேலைக்கு. பெரம்பூரில் பதினோரு வருஷம் மாஸ்டராக இருந்தவர். இரண்டு வருஷ பெர்மிட், க்ளோஸ்டு பெர்மிட், அதாவது அந்த ஒரு முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். அந்த முதலாளி சம்பளத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு மிரட்டுகிறவராக இருந்தார். இதே நிலையில் மாட்டிக்கொண்டு, ஊரில் இருக்கிறவர்களிடம் சொல்லவும் முடியாமல் இருக்கிறவர்கள் நிறைய பேர் என்று தெரியும். அதனால் நாங்கள் வெளியே வந்த கதையை, அதில் சென்னையில் உட்கார்ந்து நான் செய்த பாதியை எழுதுகிறேன்.

ஏஜெண்ட் கேட்டது 11 லட்சம். "எல்.எம்.ஐ.ஏ-க்கு மட்டும் அவ்வளவு ஆகும்மா, பின்னாடி பி.ஆர்., அதாவது நிரந்தரமா குடியிருக்கிற உரிமைக்குப் போடும்போது அதுக்கு 50 பாயிண்ட் கிடைக்கும்" என்றார். எல்.எம்.ஐ.ஏ என்பது, இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, வெளிநாட்டு ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்று கனடா அரசு முதலாளிக்குத் தருகிற அனுமதி. அதற்கு முதலாளி கட்டவேண்டிய கட்டணம் ஆயிரம் டாலர், அதையும் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது சட்டம். இங்கேயும், 1983ஆம் வருட குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்த ஏஜெண்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான் வாங்கலாம், பதிவு செய்தவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு படித்தது. அவர் சொன்ன 50 பாயிண்டையும் 2025 மார்ச் 25-ல் கனடா எடுத்துவிட்டது, அது தனி வயிற்றெரிச்சல்.

போன முதல் மாதமே விஷயம் புரிந்துவிட்டது. பேஸ்லிப்பில் வாரம் 40 மணி நேரம், மணிக்கு 18 டாலர், எல்லாம் ஒழுங்கு. சம்பளம் வெள்ளிக்கிழமை பேங்கில் விழும், சனிக்கிழமை 450 டாலர் எடுத்து முதலாளி கையில் கொடுக்க வேண்டும். உண்மையில் வேலை வாரம் 70 மணிக்கு மேல். கேட்டால், "ஒரு போன் போட்டா உன் பெர்மிட்ட கேன்சல் பண்ணிடுவேன் தம்பி." நம்ம ஊர்க்காரர்தான், தமிழில்தான் மிரட்டினார். என் மாமியார், "ரெண்டு வருஷம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லு" என்றார். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன், நகை அடகில் இருந்தால் புத்தி அப்படித்தான் போகும்.

முதலாளியால் பெர்மிட்டை ரத்து செய்ய முடியாது, அது குடிவரவுத் துறையின் வேலை. வேலையை விட்டாலே உடனே நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்பதும் பொய். இதை எங்களுக்குச் சொன்னது அங்கே தொழிலாளர்களுக்கு இலவசமாக உதவுகிற ஓர் அம்மா, இவர் கோயிலில் சந்தித்தவர். 2019 ஜூனிலிருந்து இப்படிச் சுரண்டப்படுகிறவர்களுக்கென்றே ஒரு ஓப்பன் பெர்மிட் இருக்கிறது, யாரிடம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம், விண்ணப்பக் கட்டணம் கிடையாது, கையில் இருக்கிற க்ளோஸ்டு பெர்மிட் முடிவதற்குள் கனடாவுக்குள் இருந்தே போட வேண்டும் என்றார். கோர்ட்டில் நிரூபிக்கிற மாதிரி நிரூபிக்கத் தேவையில்லை, நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும். அடி உதைதான் கொடுமை என்றில்லை, பணத்தைப் பிடுங்குவதும் மிரட்டுவதும் அதில் வரும்.

சரி, ஆதாரம்? மிரட்டல் வாய்ஸ் மெசேஜ் ஒன்றைத் தவிர கையில் ஒன்றுமே இல்லை என்றார் இவர். கேஷாகக் கொடுத்ததற்கு ரசீதா இருக்கும்?

இருந்தது, எங்கள் சமையலறைச் சுவரில். பால் கணக்கு எழுதுகிற மாத காலண்டர். இவர் கடைக்குள் நுழையும்போது "உள்ள போறேன்" என்று மெசேஜ் போடுவார், முடிந்ததும் கால் பண்ணுவார். இரண்டையும் நான் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன், சாட்சிக்காக இல்லை, மனசு கேட்காமல். இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே காலை பத்தரை. நான் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் கால் வரும். நடுவில் மத்தியானம் இரண்டு மணி நேரம் கடை மூடியிருக்கும், அவ்வளவுதான் ஓய்வு. "அரை லிட்டர் 2" என்பதற்குப் பக்கத்தில் "8.00 – 10.05" என்று மே மாதத்திலிருந்து டிசம்பர் வரைக்கும், எட்டுத் தாள்.

இதில் ஒரு தப்பு நடக்க இருந்தது. நவம்பரிலிருந்து இரண்டு நேரமுமே ஒரு மணி தள்ளிப் போயிருந்தது. நான் எல்லாவற்றுக்கும் ஒன்பதரை மணி நேரம் கழித்துக் கணக்குப் போட்டு, இவர் ராத்திரி ஒன்றரைக்கு வெளியே வந்ததாக எழுதிவிட்டேன். அக்கா பையன்தான், "சித்தி, அங்க நவம்பர்ல கடிகாரத்தைத் திருப்பிடுவாங்க, இனிமே பத்தரை மணி வித்தியாசம்" என்று பிடித்தான். அதைத் திருத்தாமல் அனுப்பியிருந்தால், எட்டு மாத உண்மையும் சேர்ந்து பொய்யாகியிருக்கும்.

இன்னொரு ஆதாரம் பேங்க் ஸ்டேட்மெண்ட். வெள்ளி வரவு, சனி ஏ.டி.எம். 450, மறுபடி வெள்ளி வரவு, சனி 450. அந்த வரிகளை மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டதும் ஏணிப்படி மாதிரி தெரிந்தது. ஏஜெண்டுக்குக் கொடுத்ததில் 3 லட்சம் பேங்க் வழி, மிச்சம் கேஷ். ஆனால் நகைக்கடன் வாங்கிய தேதி இருக்கிறது, அன்றைக்கே 5 லட்சம் எடுத்த பாஸ்புக் வரி இருக்கிறது, அன்று மதியம் பாண்டி பஜாரிலிருந்து நான் அனுப்பிய "கீழ நிக்கிறேன் சார்", அவர் போட்ட "மேல வாங்க" இருக்கிறது.

தமிழில் இருப்பதையெல்லாம் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் பிரமாணப் பத்திரத்தோடு தர வேண்டும், குடும்பத்தார் செய்யக் கூடாது. ஹைகோர்ட் எதிரில் பாரிமுனையில் ஒருவரைப் பிடித்தேன். பிறப்புச் சான்றிதழும் கிரயப் பத்திரமுமாகவே பார்த்துப் பழகியவர், முதலாளியின் வாய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டு பேனாவைக் கீழே வைத்தார். "தம்பிக்கு 'யங்கர் பிரதர்'னு போட்டா, ஆபீசர் இது குடும்பச் சண்டைன்னு மூடிட மாட்டானாம்மா?" கடைசியில், இது உறவுமுறை அல்ல, வயதில் சின்னவரை அழைக்கிற விதம் என்று அடிக்குறிப்பு எழுதினார். அதற்குத் தனியாக நூறு ரூபாய்.

2025 ஜனவரியில் அனுப்பினோம். சீக்கிரம் பார்க்க வேண்டிய வகை என்றுதான் சொன்னார்கள், எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் இவர் வேலைக்குப் போகவில்லை, அந்த அம்மா ஏற்பாடு செய்த ஒரு வீட்டில் இருந்தார், நான் இங்கே டியூஷன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டேன். நடுவில் ஓர் அதிகாரி போனில் பேசினாராம். எட்டு மாதம் ஏன் பொறுத்தீர்கள் என்று கேட்டதற்கு இவர், என் மனைவியின் வளையல்கள் பேங்கில் இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாரோ, எனக்கு அதை நினைத்தால் இன்னும் சிரிப்பும் அழுகையுமாக வருகிறது.

ஒரு வருஷ ஓப்பன் பெர்மிட் வந்தது. அதே காரணத்தைச் சொல்லி நீட்டிக்க முடியாது, அதற்குள் வேறு வழி பார்க்க வேண்டும். இவர் இப்போது வேறு ஊரில் வேறு கிச்சனில் இருக்கிறார், அவர்கள் எல்.எம்.ஐ.ஏ போட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. பழைய முதலாளி மேல் ஒன்டாரியோ தொழிலாளர் துறையில் புகார் இருக்கிறது. தராத சம்பளத்தைக் கேட்க இரண்டு வருஷ அவகாசம் உண்டு என்பதால் ஓப்பன் பெர்மிட் வந்தபிறகே நிதானமாகப் போட்டோம்.

ஏஜெண்ட் மேல் நான் வேப்பேரி கமிஷனர் ஆபீஸில் புகார் கொடுத்தேன். பேங்கில் போட்ட 3 லட்சத்தை ஆள் மூலம் திருப்பி அனுப்பினார். மிச்சத்துக்கு "கேஷா? எந்த கேஷ்?" என்கிறார். வளையல் ஆறில் இரண்டு மீண்டிருக்கிறது. விசாரணைக்கு ஜெராக்ஸ் போதாது, ஒரிஜினல் வேண்டும் என்று கேட்டதால் காலண்டர் தாள் எட்டும் அங்கே ஃபைலில் இருக்கின்றன. பால்காரர் டிசம்பர் பாக்கி 340 ரூபாய் என்கிறார், நான் கொடுத்துவிட்டேன் என்கிறேன், இரண்டு பேருக்கும் சாட்சி வேப்பேரியில்.