டேங்க் நிறைய தண்ணி, குடிக்கத்தான் ஆள் இல்ல

நவம்பர் பொறந்து டிவியில புயல் படம் சுத்த ஆரம்பிச்சாலே எனக்கு கஜா ஞாபகம் வந்துரும். 2018 நவம்பர் 16 விடியக்காலையில வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு, நாங்க திருச்சியிலேர்ந்து மினி லாரில சாமான் ஏத்திக்கிட்டு நாலாம் நாள்தான் போய்ச் சேர்ந்தோம். வழி பூரா தென்னை படுத்துக் கெடக்கு, அறுத்து ஓரமா தள்ளி ஒரு வண்டி போற அளவுக்கு மட்டும் வழி. ஒரு ஸ்கூல்ல தங்கியிருந்த 400 பேருக்கு உதவப் போனோம். நான் லேப்ல வேலை பாக்கறவன்னு தெரிஞ்சதும் "அப்ப தண்ணி டிபார்ட்மென்ட் உங்களுது"ன்னு தலையில கட்டிட்டாங்க.

புயல் அடிச்ச ஊர்ல தண்ணிக்கு என்ன பஞ்சம்னு தோணும். ஒரு லட்சத்துக்கு மேல கரண்ட் கம்பம் விழுந்துடுச்சு, கரண்ட் இல்லன்னா மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடலன்னா மேல்நிலைத் தொட்டியில சொட்டு ஏறாது, அவ்வளவுதான் கதை. அந்தக் கடலோரத்துல போர் போட்டா பல இடத்துல உப்புத்தண்ணி, கொள்ளிடத்துலேர்ந்து பைப்ல வர்றத நம்பித்தான் நிறைய ஊர் ஓடுது. பக்கத்து ஊர்ல ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து தொட்டிய ரொப்பிக்கிட்டாங்க. எங்களுக்கு தினம் ஒரு லாரி, 6000 லிட்டர், அத மூணு சின்டெக்ஸ்ல ஏத்துவோம்.

ஸ்ஃபியர்னு நிவாரண வேலை செய்யறவங்களுக்கு ஒரு கையேடு இருக்கு, அதுல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 லிட்டர்னு போட்டிருக்கும். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேத்து. 400 பேருக்கு 15 போட்டா சரியா 6000! கணக்கு டாண்ணு ஒத்துப்போச்சுன்னு எனக்கு ஒரே பெருமை, சாயங்காலம் ஏணி போட்டு எட்டிப் பாத்தா பாதிக்கு மேல அப்படியே நிக்குது.

மொத காரணம் நான்தான், மறைக்கல. ப்ளீச்சிங் பவுடர் நல்லதா இருந்தா, தண்ணி தெளிவா இருந்தா, 1000 லிட்டருக்கு 2.5 கிராம் மாதிரி போட்டாலே போதும். வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல தெளிஞ்சத மட்டும் டேங்க்ல ஊத்தி ஒரு மணி நேரம் விடணும். எங்களுக்குக் கெடச்ச மூட்டை மழையில நனைஞ்சது, ஈரம் பட்ட பவுடர்ல குளோரின் பறந்துரும், முகந்து பாத்தா வாசமே இல்ல. டெஸ்ட் பண்ற சின்னக் குழாய்ல கொஞ்சம் தண்ணி எடுத்து சொட்டு மருந்து விட்டா, குளோரின் இருந்தா மஞ்சளாகணும், ஆகல. கூட போட்டேன், ஆகல, இன்னும் போட்டேன், லேசா மஞ்சள் தட்டுச்சு. மறுநாள் புது பாக்கெட் வந்துச்சு, நான் பாட்டுக்கு பழைய அளவையே போட்டுட்டேன். சொட்டு விட்டதும் குழாய் ஆரஞ்சு மிட்டாய் கலருக்குப் போயிருச்சு. குடிக்கிற எடத்துல லிட்டருக்கு 0.2லேர்ந்து 0.5 மில்லிகிராம் குளோரின் இருந்தாப் போதும், நான் போட்டதுல நீச்சல் குளமே நடத்தலாம்.

அங்க ஒரு கிழவி இருந்தாங்க, எல்லாரும் அப்பாயின்னு கூப்பிட்டதால நானும் அப்பாயிதான். ஒரு வாய் குடிச்சுட்டு துப்பிட்டு "ஏந்தம்பி, இது குடிக்கற தண்ணியா, ஆஸ்பத்திரி கழுவுற தண்ணியா"ன்னாங்க. பாதி தண்ணிய இறக்கி துணி அலச குடுத்துட்டு, மீதியில நல்ல தண்ணி கலந்து, அன்னைலேர்ந்து சமையக்கட்டு தராசுல நிறுத்துதான் போட்டேன்.

சரி நாத்தம் போயிருச்சே, இனி குடிப்பாங்கன்னு பாத்தா, ஆம்பளைங்களும் சின்னப் பசங்களும் வர்றாங்க, பொம்பளைங்க வாயை நனைச்சுட்டு சொம்ப கீழ வச்சுடறாங்க. எனக்குப் புரியவே இல்ல. அப்பாயிகிட்டயே கேட்டேன்.

"குடிச்சுட்டு எங்க போவ சொல்ற? பொழுது சாயற வரைக்கும் அடக்கணும். மறைவா இருந்த கருவக்காட்டையும் காத்து சாச்சுட்டுப் போயிருச்சு."

ஸ்கூல்ல இருந்தது ஆறு கக்கூஸ், ரெண்டு பூட்டிக் கெடந்துச்சு, சாவி யார்ட்ட இருக்குன்னு கடைசி வரைக்கும் தெரியல. மிச்சம் நாலும் ஆம்பளைங்க போற வழியிலயே இருந்துச்சு, கதவுக்குத் தாழ்ப்பா இல்ல, லைட் இல்ல. 20 பேருக்கு ஒண்ணு, பொம்பளைங்களுக்கு மூணுன்னா ஆம்பளைங்களுக்கு ஒண்ணுன்னு அதே கையேட்டுலதான் இருக்கு, எனக்கு 15 லிட்டர் மட்டும்தான் கண்ணுல பட்டிருக்கு பாருங்க. அந்த நம்பர் எல்லாம் சும்மா வந்ததில்ல. 1994 ஜூலைல ருவாண்டாவுலேர்ந்து ஓடிவந்த லட்சக்கணக்கான சனம் பக்கத்து காங்கோ நாட்டுல கோமாங்கற ஊர்ல வந்து குவிஞ்சாங்க, அங்க தரை எரிமலைப் பாறை, குழி தோண்ட வழியில்ல, குடிக்க ஏரித் தண்ணி. காலராவும் வயித்துப்போக்கும் சேந்து ஒரு மாசத்துக்குள்ள ஆயிரக்கணக்கான உயிர வாரிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் 1997ல தொடங்குனதுதான் இந்த ஸ்ஃபியர்.

எங்களுக்கு பாறை இல்ல, மணல். புதுசா கக்கூஸ் கட்ட ரெண்டு அடி தோண்டினா தண்ணி ஊறுது, பக்கமெல்லாம் சரியுது. ஊர்ப் பசங்கதான் வழி சொன்னாங்க, கிணத்துக்குப் போடற சிமெண்ட் உறைய தரைக்கு மேலயே நிறுத்தி, சுத்தி மணல் மூட்டை அடுக்கி, மூணு படி வச்சு ஏறிப் போற மாதிரி. மறைப்புக்கு கீத்துக்கா பஞ்சம், ஊரே தென்னமட்டையில மூழ்கிக் கெடக்கு. பொம்பளைங்களே உக்காந்து முடைஞ்சாங்க, எந்தப் பக்கம் வாசல் வைக்கணும்னு அவங்கதான் சொன்னாங்க, நான் நினைச்ச எடம் தப்பாம். கொல்லைப்பக்கம் நாலு, பக்கத்துல குளிக்க ரெண்டு தட்டி. ரெண்டு நாள்ல முடிஞ்சுது.

வாளியும் மக்கும்தான் கெடைக்கல. எங்க லாரி உட்பட வந்த வண்டியில எல்லாம் பழைய புடவை, பிரட், பாட்டில் தண்ணி. நாப்கின் ஒரு பெட்டி வந்துச்சு, உள்ளாடை ஒண்ணு கூட இல்ல, இத வச்சு என்ன பண்றதுன்னு ஒரு பொண்ணு கேட்டதுக்கு எங்க டீம்ல யார்ட்டயும் பதில் இல்ல. வண்டி எடுத்துக்கிட்டுப் போய் தொறந்திருந்த ஒரே கடையில பத்து வாளி வாங்கியாந்தோம். கை கழுவ காலி பாட்டில்ல ஓட்டை போட்டு தொங்கவிட்டோம், சோப்ப வச்சா காக்கா தூக்கிட்டுப் போகுது. ஒரு மீனவர் பிஞ்ச வலையில ஒரு துண்டு வெட்டி சோப்ப உள்ள போட்டு முடிஞ்சு கட்டிட்டார், காக்கா வந்து கொத்திப் பாத்துட்டுப் போயிருச்சு.

மறுநாள் மதியம் மூணு மணிக்கே மூணு சின்டெக்ஸும் காலி. சந்தோஷத்துல லாரிக்காரருக்கு போன் போட்டா டவர் இல்ல, பைக்ல போய் ஆளப் புடிச்சு இன்னொரு லோடு கேட்டேன். "என்ன சார், நேத்து வரைக்கும் மிச்சமிருக்குன்னு சொன்னீங்க, இன்னைக்கு ஊத்திட்டீங்களா"ன்னு கேட்டாரு.

குடிச்சுட்டாங்கண்ணேன்னேன்.