விளக்குக்கு முன்னால் ஒரு தூண்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இரவில் நான் எடுக்கிற கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தவர்கள் முதலில் கேட்பது, "என்ன கமரா?" அடுத்தது, "என்ன ஃபில்டர் போடுறனீங்கள்?" கமரா, ஊருக்கே திரும்பிவிட்ட ஒருவர் அரைவிலைக்குத் தந்துவிட்டுப் போன பழைய நிக்கோன். ஃபில்டர் கிடையாது. தூண் இருக்கிறது.

பாரிஸுக்கு வந்தவர்களுக்கு அந்தத் தூண்களைத் தெரியும். இரண்டாம் நம்பர் மெற்றோ பார்பெஸிலிருந்து ஜொரேஸ் வரைக்கும் தெருவுக்கு மேலே ஓடுகிறது. 1903 இல் திறந்த பாதை. பகலில் அதன் கீழ் நடக்கும்போது புறா எச்சம் தலையில் விழாமல் தப்பினால் போதும் என்றிருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்கு, மழை விட்ட கையோடு போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஒரு தெருவிளக்கு. நீங்கள் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் விளக்கு தூணுக்குள் ஒளிந்துவிடும். ஒளிந்த உடனே தெரு மாறிவிடும். தூண் மையாய்க் கறுக்கும், அதன் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு ஏறும், ஈரத் தார் ரோட்டில் வெளிச்சம் நீளமாய் உங்கள் காலடி மட்டும் வரும். விளக்கு கண்ணில் படுகிற வரைக்கும் அது வெறும் தெருவிளக்கு.

இந்த வித்தையை எனக்குப் படிப்பித்தவர் 1984 இல் செத்துப்போனார். பிரசாய். சொந்தப் பெயர் ஜூலா ஹலாஸ். 1899 இல் பிரஷோ என்ற ஊரில் பிறந்தவர், தன் ஊர்ப் பேரையே பிறகு தனக்கு வைத்துக்கொண்டார். அப்போது அந்த ஊர் ஹங்கேரியில் இருந்தது, இப்போது ருமேனியாவில். 1924 இல் பாரிஸுக்கு வந்து பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். படம் எடுப்பதை ஆரம்பத்தில் அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இரவில் அலைகிற பழக்கம்தான் அவரைக் கமராவுக்குக் கொண்டுவந்து விட்டது. அவரது இரவுப் படங்களின் தொகுப்பு 1932 கடைசியில் வெளிவந்தது. அமெரிக்கக் குற்றப் படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் 'நுவார்', அதாவது கறுப்பு, என்று பேர் வைத்தது 1946 இல். அதற்கு எத்தனையோ வருசத்துக்கு முன்னமே இந்த மனுசன் அந்த இருட்டைப் பிடித்து வைத்திருந்தார். இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் 'சினிமாட்டிக்' என்று நீலமும் செம்மஞ்சளும் பூசிவிடுகிறவர்கள் ஒருமுறை அவர் படங்களுக்கு முன்னால் போய் நிற்கவேணும்.

அவர் வைத்திருந்தது ஃபொய்க்லாண்டர் கமரா, கண்ணாடித் தகடு போடுகிறது. தகடு ஒன்று ஆறரைக்கு ஒன்பது சென்ரிமீற்றர். கண்ணாடி பாரம், ஒரு இரவுக்கு இருபத்துநான்கு தகட்டுக்கு மேல் தூக்கமுடியாது. வெளிச்சம் அளக்கக் கருவி இல்லை. சிகரற்றால் அளந்தார். கொஞ்சம் வெளிச்சமான இடமென்றால் ஒரு கோலுவாஸ் புகைத்து முடிகிற நேரம் கமராவைத் திறந்து வைப்பார். இருட்டு கூடினால் போயார், அது தடித்த சிகரற், எரிந்து முடியக் கனநேரம் எடுக்கும். நீண்ட கோட்டும் தொப்பியும் போட்டு, முக்காலிக்குப் பக்கத்தில் நின்று, வாயில் சிகரற்றோடு கமராவுக்குள் குனிந்து பார்க்கிற அவரது சொந்தப் படம் ஒன்று இருக்கிறது. ஸ்ரைலுக்கு நிற்கிறார் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். மனுசன் நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அந்தக் கண்ணாடித் தகட்டுக்கு விளக்கை நேரே காட்டக் கூடாது. வெளிச்சம் தகட்டின் பின்பக்கம் மட்டும் போய்த் திரும்பிவந்து விளக்கைச் சுற்றி ஒரு வெள்ளைக் கொப்புளத்தை உண்டாக்கிவிடும். ஆகவே அவர் விளக்கை மரத்துக்குப் பின்னாலோ தெருவோர மூத்திரக்கூடத்துக்குப் பின்னாலோ ஒளித்தார். பனிப்புகாரும் மழையும் வந்தால் விடமாட்டார். புகார் வெளிச்சத்தைப் பஞ்சாய்ப் பிரித்து இருட்டுக்குள் அனுப்பும். அப்சர்வத்துவார் அவெனியூவில் 1934 இல் எடுத்த படத்தில் புகாருக்குள் காரின் முன்விளக்கு எரிகிறது. அதற்கு முன்னால் நிற்கிறதெல்லாம் கரி உருவங்கள். நான் தூணுக்குப் பின்னால் விளக்கை ஒளிக்கிறது அவரிடம் களவெடுத்தது. என் நிக்கோனுக்குக் கொப்புளப் பிரச்சினை அவ்வளவு இல்லை, படம் மட்டும் அப்படித்தான் நன்றாய் வருகிறது.

செயல்முறை கேட்கிறவர்களுக்கு: ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 400, லென்சின் துவாரம் எஃப் 8, திறந்து வைக்கிறது நான்கிலிருந்து எட்டு செக்கன். கமரா சொல்லுகிற அளவிலிருந்து இரண்டு ஸ்ரொப் குறைத்துவிடுங்கள், ஒரு ஸ்ரொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். இருட்டை வெளிச்சமாக்குவதுதான் கமராவின் குணம், அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. ஆளை நிறுத்துகிற இடத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு, ரோர்ச் அடித்து ஃபோக்கஸ் செய்து, பிறகு லென்சைத் தொடாதீர்கள். ஆள் தூணில் சாய்ந்து நிற்கவேணும். சும்மா நின்றால் நான்கு செக்கனில் கட்டாயம் ஆடும். மேலே மெற்றோ போனால் தூணும் சேர்ந்து அதிரும், அது போய் முடிகிற வரைக்கும் பொறுங்கள்.

இனி அந்த ஆள். என் படங்களில் நிற்கிறவர்கள் ரெஸ்ரோறன்ற் வேலை முடித்துப் பின்கதவால் வருகிற எங்கட பொடியள். கோப்பை கழுவுகிறவர்கள், மரக்கறி வெட்டுகிறவர்கள், சாப்பாட்டுப் பெட்டியை முதுகில் போட்டு சைக்கிள் ஓடுகிறவர்கள். எல்லாம் கேட்டு, நிறுத்தி எடுத்த படங்கள். "அப்ப இது செற்றப்தானே?" என்று ஒரு நண்பர் குறையாய்ச் சொன்னார். ஓம், செற்றப்தான். பிரசாயும் அதைத்தான் செய்தார். சூஸி என்பவளின் விலைமாதர் விடுதியில் அவர் எடுத்த படத்தில் பெண்களுக்கு முன்னால் முதுகு காட்டி நிற்கிற வாடிக்கையாளர் உண்மையில் அவருடைய கூட்டாளி. உண்மையான வாடிக்கையாளன் எவன் அங்கே கமராவுக்கு நிற்பான்? அந்த இடம் உண்மை, அந்தப் பெண்கள் உண்மை, முதுகு மட்டும் இரவல். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தெரிந்த குறை தொப்பி. ஒரு பொடியன் தானாகவே மழைக்கோட்டும் விளிம்புத் தொப்பியும் வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணை, இங்கிலிஸ் படத்தில வாற மாதிரி எடுங்கோ" என்றான். எடுத்தேன். பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருந்தது. தொப்பியைக் கழற்றி, அவன் வேலைக்குப் போடுகிற ஜக்கெற்றின் தொப்பியை இழுத்துவிடச் சொன்னேன். படம் அதற்குப் பிறகுதான் வந்தது.

முகத்தை ஏன் இருட்டுக்குள் விடுகிறேன் என்பதையும் சொல்லவேணும், ஏனென்றால் அதை நான் கலைக்காகச் செய்கிறேன் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பொடியளில் பாதிப்பேருக்கு காட், அதாவது வதிவிட அட்டை, இல்லை. அகதி வழக்கு நிராகரித்தாயிற்று, மேன்முறையீடு போய்க்கொண்டிருக்கிறது, அல்லது அதுவும் முடிந்துவிட்டது. முகம் தெரிந்தால் அவனுக்குப் பயம், வேலை கொடுத்தவனுக்கு இன்னும் பயம். "முகம் வராது" என்று சொன்னால்தான் நிற்பார்கள். எனவே வெளிச்சம் பின்னாலிருந்து மட்டும் வரவேணும், தூண் அதற்கு உதவுகிறது. பழைய படங்களில் குற்றவாளியின் முகத்தை மறைக்கிற அதே நிழல், இங்கே ஒரு குற்றமும் செய்யாதவனை மறைத்து வைக்கிறது. படத்தைப் பார்க்கிற வெள்ளைக்காரர், "ஆபத்தான ஆள் போல" என்பார். அவன் அன்றைக்குப் பதினாலு மணித்தியாலம் சட்டி தேய்த்தவன், ஆபத்தெல்லாம் அவன் முதுகுக்குத்தான்.

பொலிஸ் கதையும் உண்டு. விடியப்புறம் மூன்று மணிக்குக் கால்வாய்க் கரையில் முக்காலியோடு நின்ற பிரசாயைப் பொலிஸ் பிடித்து, இருட்டில் படம் எடுக்கலாம் என்பதை நம்ப மறுத்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர் தன் இரவுப் படங்கள் சிலவற்றைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாராம், காட்டுவதற்கு. என்னிடமும் ஒரு இரவு இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். கமராத் திரையில் படத்தைக் காட்டினேன், ஒருத்தர் "நல்லாயிருக்கு" என்றுவிட்டுப் போனார். படத்தில் நின்ற பொடியன் அதற்குள் எந்தப் பக்கத்தால் போனான் என்று எனக்கே தெரியாது. அடுத்த நாள் வாட்சப்பில் "அண்ணை, படம் சரியா வந்ததே?" என்று மட்டும் கேட்டான்.

சரியாய்த்தான் வந்தது. தூண், வெள்ளைக் கோடு, ஜக்கெற், கீழே ஈரத்தில் அவன் சப்பாத்தின் நிழல். இதுவரைக்கும் நான் எடுத்ததில் நல்ல படம் அதுதான் என்பேன். பெரிதாய் அச்சடித்து அவனுக்கொன்று கொடுத்தேன். கனநேரம் பார்த்தான்.

"வடிவாத்தான் இருக்கு அண்ணை. ஆனா இதை அம்மாவுக்கு அனுப்பேலாது. ஒரே இருட்டாக் கிடக்கு, பொடியன் இளைச்சுப் போனான் எண்டு மனுசி அழத் தொடங்கீடும்."

வாற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. ஈபெல் கோபுரத்துக்கு முன்னால், மத்தியான வெயிலில், சிரித்த முகமாய் ஒன்று எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறான். என் தங்கச்சியின் புருசனிடம் நல்ல ஜக்கெற் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன்.