நீச்சல் குளத்து நீரும் அதன் கணக்கும்

வீட்டு நீச்சல் குளத்தின் நீரை நானே பராமரித்து வருகிறேன். இதில் உடலுழைப்பு குறைவு, கணக்குதான் அதிகம். முதலில் தெரிந்திருக்க வேண்டியது குளத்தின் கொள்ளளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் ஆகிய மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, வரும் விடையை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைத்துவிடும். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் நீர் இருக்கும். இந்த எண் கையில் இல்லாமல் கொட்டுகிற எந்த ரசாயனமும் குத்துமதிப்புதான்.

நீர் லேசாகப் பச்சை தட்டியதும் பலரும் குளோரின் வாளியைத்தான் தேடிப் போகிறார்கள். நான் முதலில் பி.எச். அளவை, அதாவது நீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று காட்டும் எண்ணைப் பார்க்கச் சொல்வேன். நீரில் கரையும் குளோரின், ஹைப்போகுளோரஸ் அமிலம், ஹைப்போகுளோரைட் அயனி என்ற இரு வடிவங்களில் நிற்கிறது. கிருமிகளை விரைந்து கொல்லும் திறன் முதல் வடிவத்துக்கே உண்டு. பி.எச். 7.5 அருகே இரண்டும் ஏறத்தாழப் பாதிப்பாதியாக இருக்கும். அதுவே 8-ஐ எட்டும்போது வீரியமுள்ள வடிவம் கால் பங்காகச் சுருங்கிவிடும். வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலம் கலந்த நீரில் இந்த ஏற்ற இறக்கம் ஓரளவு மட்டுப்படும் என்றாலும், பி.எச். அளவை 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வைத்திருப்பது நீந்துபவர்களின் கண்ணுக்கும் குளத்தின் பூச்சுக்கும் நல்லது.

அந்த பி.எச். அளவை நிலையாகப் பிடித்து வைத்திருப்பது காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் நீரின் திறன். அது 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வரை இருக்கலாம். குறைந்திருந்தால் சமையல் சோடாவே போதும்: ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும்; மேலே சொன்ன குளத்துக்கு அது 800 கிராமுக்குச் சற்று மேல். காரத்தன்மை மிகுந்துவிட்டால்தான் தொல்லை. நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காற்றில் வெளியேற வெளியேற பி.எச். தானாகவே ஏறிக்கொண்டிருக்கும், செயற்கை அருவியோ நீர்ப்பீச்சியோ இருக்கும் குளங்களில் இந்த ஏற்றம் இன்னும் வேகமாக நடக்கும். அப்போது அமிலம் சேர்த்து பி.எச். அளவை 7.2 வரை இறக்கி, நீரை நன்றாகக் கலக்கிக் காற்றோட்டம் கொடுத்து அது மீண்டும் ஏறும்வரை விட்டு, மறுபடியும் அமிலம் சேர்ப்பதே வழி. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

சோதனைக்கான நீரை மேற்பரப்பில் மொண்டு எடுக்கக் கூடாது. நீர் உள்ளே வரும் குழாய்க்கு எட்ட நின்று, முழங்கை ஆழத்தில் குப்பியைக் கவிழ்த்து இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்ப வேண்டும். குளோரினை அளக்கும் டிபிடி மருந்து சேர்த்ததும் நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் அடர்ந்தால் குளோரின் அதிகம் என்று பொருள். ஆனால் மருந்து விழுந்த நொடியில் சிவப்பு பளிச்சென்று தோன்றி உடனே மறைந்தால், குளோரின் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அளவுக்கு மீறிய குளோரின் அந்த நிறத்தையே வெளுத்துவிட்டிருக்கும். மாதிரி நீரோடு குளோரின் இல்லாத நீரைக் கலந்து மீண்டும் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். பி.எச். பார்க்கும் ஃபீனால் ரெட் மருந்தும், குளோரின் மிக அதிகமாக இருக்கும்போது ஊதா நிறம் காட்டி ஏமாற்றும்.

மூக்கைத் துளைக்கும் நெடியும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. அது வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரிந்து உண்டாகும் குளோரமின்களின் நெடி. பெரும்பாலும் அது குளோரின் போதவில்லை என்பதற்கே அடையாளம்.

நீரில் கரைந்த கால்சியத்தைக் காட்டும் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம் வரை இருந்தால் போதும். அடிக்கடி பார்க்கத் தேவையில்லை.

குளோரின் மாத்திரைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. டிரைகுளோர் மாத்திரை குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் சேர்த்தே தருகிறது: 10 பிபிஎம் குளோரின் சேர்ந்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் ஏறும். வெயிலில் குளோரின் சிதையாமல் காக்க 30 முதல் 50 பிபிஎம் வரை அது தேவைதான். ஆனால் குளோரின் செலவாகித் தீர்ந்த பிறகும் இது நீரிலேயே தங்கிவிடுகிறது, ஆவியாவதும் இல்லை. அளவு கூடக்கூட குளோரினின் வேகம் மங்கி, சோதனையில் எண் சரியாக இருக்கும்போதே பாசி பிடிக்கத் தொடங்கும். அதைக் குறைக்க, குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புது நீர் நிரப்புவதைத் தவிர எளிய வழி கிடையாது. இதனால்தான் திரவ குளோரினையே அன்றாடம் பயன்படுத்துகிறேன். 10 சதவீதத் திரவம் அரை லிட்டர் ஊற்றினால் 48,000 லிட்டரில் சுமார் 1 பிபிஎம் ஏறும். வெயில் தாழ்ந்த பிறகு, பம்ப் ஓடும்போது ஊற்றுவது நல்லது.

அமிலத்தையும் குளோரினையும் ஒரே நேரத்தில் சேர்க்கவோ ஒரே அலமாரியில் வைக்கவோ கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. டிரைகுளோர் அள்ளிய கரண்டியால் இன்னொரு வகைக் குளோரின் மருந்தான கால்சியம் ஹைப்போகுளோரைட்டை அள்ளினால் தீப்பற்றும் அபாயம் உண்டு என்பதால், ஒவ்வொரு வாளிக்கும் தனிக் கரண்டி வைத்திருக்க வேண்டும்.