மகளின் ஆங்கிலச் சோதினையும் அம்மம்மாவின் கேள்விகளும்

ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதினை முடிந்த அன்று வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். இரண்டு வருடமாக மகளுக்கு வேறு உலகமே இல்லை. விடிய ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு ரியூசன், ஞாயிற்றுக்கிழமை மாதிரி வினாத்தாள். அந்த மூச்சை முழுதாக விட முதலே அடுத்தது வந்து நின்றது.

நாங்கள் அவளைச் சேர்க்க நினைத்த பாடசாலையில் 6ஆம் வகுப்பில் ஒரு பிரிவு ஆங்கில மொழிமூலம். கணிதம், விஞ்ஞானம் போன்ற பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ், சமயம், வரலாறு தமிழில்தான். கேட்கிற எல்லோருக்கும் இடமில்லை என்பதால் ஒரு எழுத்துச் சோதினையும் சின்ன நேர்முகமும் வைப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது 10 வாரம்.

நான் திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறேன் (யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி). மனைவி நேர்ஸ், வாரத்தில் பாதி நாள் இரவு டியூற்றி. ஆகவே வேலை என் தலையில் விழுந்தது. என் ஆங்கிலம் பெரிதாக ஒன்றுமில்லை. 1995 ஒக்ரோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு இடம்பெயர்ந்தபோது எனக்கும் மகளின் வயதுதான். அந்த வருடம் ஆங்கிலம் என்ன, எந்தப் பாடமும் ஒழுங்காக நடக்கவில்லை. பிறகு ஜாம் போத்தல் விளக்கில் படித்ததில் மிஞ்சியதுதான் என்னிடம் இருந்தது. 1823இலேயே வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன்காரர் ஆங்கிலத்தில் படிப்பிக்கத் தொடங்கிய ஊர் என்று பெருமை பேசுவோம். அந்தப் பெருமை எங்கள் வீட்டுப் படலை வரைக்கும் வந்து சேரவில்லை.

முதலில் எல்லோரையும் போல ரியூசனுக்கு அனுப்பினேன். ஒரு கொட்டகையில் 40 பிள்ளைகள். மூன்று கிழமையில் ஒரு 80 பக்கக் கொப்பி நிரம்பியது, முழுவதும் இலக்கண விதிகள், அத்தனையும் அழகான எழுத்தில். "இதில ஒரு வசனம் சொல்லுங்கோ பிள்ளை" என்றேன். கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுத்த நாளே நிற்பாட்டினேன். படிப்பித்தவரில் பிழை சொல்ல மாட்டேன். 40 பேரை வைத்துக்கொண்டு யாரும் ஒரு பிள்ளையின் வாயைத் திறக்க வைக்க முடியாது.

அன்றிரவு குடும்பத்தைப் பற்றி ஐந்து வசனம் எழுதச் சொன்னேன். எழுதினாள்: "மை மதர் நேர்ஸ். ஷீ கோ ஹொஸ்பிற்றல். மை ஃபாதர் ஷொப்." அப்பா ஒரு கடையாகவே ஆகிவிட்டார். "கவனமில்லை, 'இஸ்' எங்கே?" என்று ஏசினேன். ஏசியது பிழை என்று எனக்கு விளங்கியது அடுத்த நாள் கடையில். வந்த ஒருவர் கேட்டார்: "அண்ணை, இது முக்கால் இஞ்சிப் பைப்போ?" நான் சொன்னேன்: "இல்லை, இது அரை இஞ்சி." கேட்டவரும் 'இஸ்' போடவில்லை, நானும் போடவில்லை. தமிழில் அப்படி ஒன்று தேவையே இல்லை. "அம்மா நேர்ஸ்" என்றால் வசனம் முடிந்தது. பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை; சுத்தத் தமிழில் யோசித்து எழுதியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவளின் ஒவ்வொரு பிழைக்கும் தமிழில் காரணம் தேடினேன். இதுதான் எங்கள் வீட்டில் வேலை செய்த ஒரே வழி.

வினைச்சொல் இல்லாத தமிழ் வசனம் என்றால் ஆங்கிலத்தில் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' மூன்றில் ஒன்று வரும் என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் எல்லா இடத்திலும் போடத் தொடங்கினாள். "ஐ ஆம் லைக் மாங்கோ." "ஐ ஆம் கோ ஸ்கூல்." சரி, இதற்கும் தமிழுக்கே போனோம். 'போகிறேன்' என்பதில் வினை இருக்கிறது, ஆகவே 'ஆம்' வேண்டாம். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்றால்? கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். "அதுக்குள்ள 'இருக்கிறேன்' கிடக்கு அப்பா. அப்ப 'ஆம்' போடலாம்." ஓம், 'ஐ ஆம் கோயிங்'. அந்த 'இருக்கிறேன்'தான் அங்கே 'ஆம்' என்று நானே அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

'ஷீ கோ', 'ஷீ கோஸ்' குழப்பமும் இப்படித்தான் தீர்ந்தது. போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறார்கள் என்று தமிழில் ஆளுக்கொரு வால். ஆங்கிலத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் மட்டும் ஒரு சின்ன வால், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. "அப்ப இங்கிலீஷ் சுகம்தானே அப்பா" என்றாள். அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எழுத்துக்கூட்டல்தான் உயிரை எடுத்தது. 'பஸ்'ஸிலும் 'பேப்பர்'இலும் எங்களுக்கு ஒரே 'ப'. ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்து. எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'பீ'தான்! எதை எங்கே போடுவதென்று அவளுக்கு எப்போதும் சந்தேகம். சிட்டைக் கொப்பியில் ஒரு துண்டு கிழித்து அவளின் வாய்க்கு முன்னால் பிடித்தேன். காற்றைத் தள்ளி 'பேப்பர்' என்றால் துண்டு ஆடும். 'பஸ்' என்றால் ஆடாது. ஒரு கிழமை முழுக்க வீட்டில் யார் எதைச் சொன்னாலும் முகத்துக்கு முன்னால் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசிப்புக்கு 3ஆம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தோம். "அது சின்னப் பிள்ளைகளின்ர" என்று முகத்தைத் தூக்கினாள். ஆனால் தடங்காமல் வாசிக்க முடிந்தது அது மட்டும்தான். ஒவ்வொரு இரவும் 20 நிமிடம், சத்தமாக. அப்புறம் 4, பிறகு 5. சனிக்கிழமைகளில் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யாழ் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போவோம். படம் அதிகம், எழுத்துக் குறைவு என்று பார்த்து எடுக்கச் சொன்னேன். திரும்பும்போது கச்சான் வாங்கிக் கொடுத்தால்தான் அடுத்த கிழமையும் வருவாள்.

பேச்சுக்கு என்னிடம் வழியில்லை. என்னோடு ஆங்கிலம் பேசச் சொன்னால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். அதற்கு வழி செய்தவர் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் தெரியாத என் மாமி, மகளின் அம்மம்மா. குசினியில் பலகைக் கட்டையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டே தமிழில் கேட்பார்: "இண்டைக்குப் பள்ளிக்கூடத்தில என்ன நடந்தது?" மகள் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொன்னதும், "என்ன சொன்னனீ எண்டு எனக்கு விளங்கேல்லை, தமிழில சொல்லு" என்பார். தமிழில் சொன்னதும், "அதை ஏன் இவ்வளவு கெதியாச் சொன்னனீ? ஆறுதலாச் சொல்லு." பிழை பிடிக்கத் தெரியாதவர் என்பதால் மகளுக்குப் பயமே இல்லை. நான் கேட்டால் நாலு சொல்லில் முடிப்பவள், அம்மம்மாவுக்கு மட்டும் கதை கதையாகச் சொல்வாள்.

சோதினை நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பந்தி வாசித்துக் கேள்விகளுக்கு விடை, ஒரு சந்தைப் படத்தைப் பார்த்து வசனங்கள், இடைவெளி நிரப்பல். நேர்முகத்தில் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். புட்டு என்றாளாம். அது எப்படிச் செய்வது என்று கேட்க, மாவு, தேங்காய்ப்பூ, ஆவி என்று முழுவதையும் சொல்லிவிட்டு, கேட்காமலே, "மை கிரான்மதர் இஸ் மேக்கிங் இற் எவ்ரி டே" என்று முடித்திருக்கிறாள். அந்த 'மேக்கிங்' பிழை. வீட்டுக்கு வரும் வழியில் அவளே சொன்னாள்: "'மேக்ஸ்' எண்டு சொல்லியிருக்க வேணும் அப்பா." நான் சைக்கிளை மிதித்துக்கொண்டே சிரித்தேன்.

பட்டியலில் 35 பேர். அவளின் பெயர் 31ஆவது. இப்போது விஞ்ஞானப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பத்துச் சொல்லாவது விளங்காமல் கிடக்கிறது. இரவில் அகராதியோடு இருக்கிறோம். நேற்றுத் தண்ணீரின் மூன்று நிலைகள். ஆங்கிலத்தில் சொல்லி, வழக்கம்போல அம்மம்மாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்தினாள். கடைசி மட்டும் கேட்டுவிட்டு மாமி சொன்னார்: "இதுக்கோ இவ்வளவு பெரிய புத்தகம்? நாளைக்கு விடிய வந்து புட்டுப் பானையைப் பார்."