ஒன்பதுக்கு ஒன்பது

அக்டோபர் 19
கணப்பை அடைத்திருந்த செங்கல்லை இன்று உடைத்தோம். முன்பு இருந்தவர்கள் அதன்மேல் சுண்ணாம்பு அடித்து காலண்டர் வேறு மாட்டியிருந்தார்கள். உள்ளே காக்கைக் கூடு, கரி, ஓட்டுத்துண்டு. வாய் 36 அங்குல அகலம், 30 உயரம். புகைக்கூண்டின் உள்ளளவு 9க்கு 9. வெள்ளைக்காரன் கட்டிய வீடு என்று குன்னூரே மரியாதையாகச் சொல்கிறது. அவன் இருந்தபோதே புகைந்திருக்கும்.

அக்டோபர் 20
கோயம்புத்தூரிலிருந்து போன் இல்லை.

அக்டோபர் 22
தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். கூண்டின் பரப்பு, வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். வாய் 1080 சதுர அங்குலம், அதற்கு 108 வேண்டும். இருப்பதோ 81. கூண்டை அகட்டுவதென்றால் சுவரையே பிரிக்கணும். வாயைச் சுருக்கலாம். 30க்கு 27 வைத்தால் 810, கச்சிதம். கணப்புகளைச் சீர்திருத்திய ரம்ஃபோர்டு 1796இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களை விரித்து வை, வாய்க்கு மேலே கூண்டு தொடங்கும் தொண்டையை ஒடுக்கு. சூடு அறைக்கு வரும், புகை மேலே போகும்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "அத்தனூண்டு வாய்ல எப்படிம்மா கட்டை போடுறது?" மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கிறார். கட்டை போட இவரை யார் விடப்போகிறார்கள்?

அக்டோபர் 26
பர்லியார் பக்கம் மண்சரிவு. தீயின் சூடு தாங்கும் ஃபயர் பிரிக்ஸ் லோடு மேட்டுப்பாளையத்திலேயே நிற்கிறது. மேஸ்திரி, "சாதா செங்கல்லையே வெச்சுரலாம் அம்மிணி, உள்ள யாரு பாக்கப்போறா" என்கிறார். தீ பார்க்குமே.

அக்டோபர் 29
பரண்மேல் ஏறினதிலிருந்து மனசு சரியில்லை. கூண்டு கூரைக்குப் போகும் இடத்தில் ஒரு உத்திரத்தின் முனையைச் செங்கல்லுக்குள்ளேயே செருகியிருக்கிறார்கள். கத்தியால் சுரண்டினால் கரி. மரத்தின்மேல் நெருப்பு படவே வேண்டாம். வருஷக்கணக்காகச் சூடு பட்ட மரம், புது மரம் தாங்குகிற சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். இதற்குக் கீழேதான் எத்தனையோ பேர் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். முனையை வெட்டிக் குறுக்குச் சட்டத்தில் தாங்கவைத்து, கூண்டுக்கும் மரத்துக்கும் நடுவே 2 அங்குலம் காலியாக விடணும். மேஸ்திரி அதைக் கலவையால் அடைக்கணும் என்கிறார், எலி வருமாம். அடைத்தால் கலவை வழியாகவே சூடு மரத்துக்குப் போகும். அடியில் தகரம் அடிங்க, கலவை வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது! ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு திரும்பவும் ஏறினேன். கரி அப்படியேதான் இருந்தது, வேறென்ன இருக்கும்.

அக்டோபர் 30
அப்பாவுக்கு இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்களாம். ஏன் என்று கேட்டால் அக்கா பேச்சை மாற்றுகிறாள்.

நவம்பர் 3
பிரிக்ஸ் வந்துவிட்டது. ஃபயர் கிளே கலவையில் சந்து தெரியாமல் வைக்கிறார் மேஸ்திரி. கை சுத்தம், வாய்தான் ஓயாது. கூண்டுக்குள் சுண்ணாம்பில் சாணி கலந்து பூசுவது இங்கிலாந்திலும் பழக்கம்தான் என்றேன். "தொரை வூட்லயுமா!" என்று சிரித்துக்கொண்டே இருந்தார். நானும் சிரித்தேன், நாளாச்சு.

நவம்பர் 6
எதிர்வீட்டு மாமா யோசனை சொன்னார்: சட்டியில் கரி மூட்டி அப்பா கட்டிலுக்கு அடியில் வைத்தால் போதுமாம், செலவு மிச்சம். கதவைச் சாத்திக் கரி மூட்டிப் படுத்து, எழுந்திருக்காதவர்களைப் பற்றி இவர் கேள்விப்பட்டதே இல்லையா? கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

நவம்பர் 9
புகையே ஆகாது என்றாராம் டாக்டர். வராது. கூண்டை உயர்த்துகிறோம்: கூரையிலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடி தூரத்துக்குள் இருக்கிற எதையும்விட 2 அடி உயரம். காற்று கீழே அமுக்காது. 810க்கு 81. வரவே வராது.

நவம்பர் 10
மழை.

நவம்பர் 14
உத்திரம் வேலை முடிந்தது. 2 அங்குலம். நானே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.

நவம்பர் 17
மேஸ்திரிக்கு இன்றைக்கே மூட்டிப் பார்க்கணும். ஈரம் போகாமல் மூட்டினால் விரிசல் விடும். 28 நாள் விட்டால் டிசம்பர் 15, அதற்குள் பனி இறங்கிவிடும். சீகைக் கட்டையும் இன்னும் காயவில்லை. அதுவரை அப்பா அறைக்கு மின்சார ஹீட்டர்தான்.

நவம்பர் 19
பொறுக்கமுடியாமல் ஒரே ஒரு தாள் பேப்பர் கொளுத்தினேன். கூண்டு சில்லென்று இருந்ததால் முதல் புகை முகத்திலேயே அடித்தது. அடுத்ததைக் கையை உயர்த்தித் தொண்டைக்கருகே பிடித்தேன், இழுத்துக்கொண்டு போனது. அக்கா போன் செய்தாள். வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் வைக்க எந்த அறை தோது என்று கேட்டாள்.