ஆறு மண் கல்லோடு கோவைக்கு மூன்று தடவை

வீடு கட்டுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை, கட்டியது வீடுதான் என்று பணம் தரும் அரசு ஆபீசில் ஒத்துக்கொள்ள வைப்பதற்குள்தான் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. மண் கல்லில் (செம்மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அச்சில் அமுக்கிய, சூளையில் சுடாத கல்) வீடு கட்டலாமா என்று கேட்டு ரெண்டு மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள், அதனால் இதை எழுதுகிறேன்.

2019 ஆகஸ்ட் மழையை நீலகிரியில் எமரால்டு பக்கம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய அந்த வாரத்தில், எங்கள் வரிசையில் ஏழு வீட்டின் பின்சுவர் தேயிலை மேட்டோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. எல்லாம் கருங்கல்லை மண் சாந்தில் அடுக்கிய பழைய லைன் வீடுகள், தேயிலைத் தோட்ட ஆட்களுக்கு வரிசையாகக் கட்டியவை. நல்லவேளை, முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். அதற்கப்புறம் மாற்று இடம், பட்டா, பயனாளிப் பட்டியல் என்று அலைந்ததெல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதைதான், விட்டுவிடுகிறேன்.

மண் கல் யோசனை பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கும் கொத்தனார் அண்ணனுடையது. 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில் கட்ச் பக்கம் போய் ரெண்டு வருஷம் வேலை செய்தவர். அங்கே வீட்டுக்காரர் கணக்கிலேயே பணத்தைத் தவணையாகப் போட்டு, எப்படிக் கட்டுவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்து, அவரவரையே கட்டிக்கொள்ள விட்டார்களாம். “நமக்கும் தவணைதானே தர்றாங்க, கான்ட்ராக்டர் எதுக்கு?” என்றார். செங்கல்லும் எம்-சாண்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வருவதற்குள் லாரி வாடகையே நம்மை முழுங்கிவிடும். இடத்தைச் சமப்படுத்தும்போது வெட்டிய செம்மண்ணோ எங்கள் காலடியிலேயே குவிந்து கிடந்தது.

பூகம்பம் தாங்கும் முறையிலேயே கட்டலாம் என்று அண்ணன் சொன்னதும், பூகம்பத்துக்கும் ஊட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் பெரியப்பா கேட்டார். நாங்கள் கட்டும்போது இருந்த பூகம்ப வரைபடத்தில் நீலகிரி மண்டலம் 3, அதாவது நடுத்தர ஆபத்து, 1900-இலேயே கோயம்புத்தூர் பக்கம் 6 ரிக்டர் அளவுக்கு ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறது. 1993-இல் லாத்தூரில் ஆயிரக்கணக்கில் ஆள் செத்ததற்கும், மண் சாந்து வைத்த தடித்த கல் சுவரும் அதன்மேல் இருந்த கனமான மண் கூரையும்தான் காரணம். சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் கோத்துப் பிடிக்க நீளக் கல் வைக்கவில்லை, அதனால் சுவர் ரெண்டாகப் பிளந்து ஆள்மேல் விழுந்தது. எங்கள் லைன் வீட்டுச் சுவரும் அதே மாதிரிதான் பிளந்தது, ஆட்டியது மட்டும் மழை.

முதல் சறுக்கல் எங்களுடையதுதான். மேல்மண்ணை அப்படியே அள்ளிப் போட்டு முந்நூறு கல் அடித்தோம், தேயிலைச் சருகும் வேரும் கலந்த கறுப்பு மண். பத்தே நாளில் ஓரம் ஓரமாக உதிர்ந்தது. ரெண்டு அடி ஆழத்துக்குக் கீழே இருக்கும் மண்ணைத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி வையுங்கள், மணல் உடனே அடியில் நின்றுவிடும், களிமண் மறுநாள்தான் படியும். எங்கள் பாட்டிலில் பாதிக்கு மேல் களி, அதனால் வெளி மணல் கொஞ்சம் சேர்க்கவேண்டி வந்தது. சிமென்ட் 5 சதவீதம் போதும். கலவையைக் கையில் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும், சப்பென்று ஒட்டினால் தண்ணீர் அதிகம். இதில் பெண்கள் எங்களைவிடக் கெட்டி, கொழுக்கட்டை மாவு பிசைந்த கைகள்.

சரி, ஆபீஸ் கதைக்கு வருகிறேன். ஓவர்சியர் முதல் பார்வையிலேயே, “மண்ணா? மழைக்குக் கரைஞ்சிடாது? இதுக்கு பில் போட முடியாது, லேப் ரிப்போர்ட் கொண்டாங்க” என்றார். கல் ஒன்று 24-க்கு 24-க்கு 9 செ.மீ., கிட்டத்தட்ட பத்து கிலோ. ஆறு கல்லை ரெண்டு சாக்கில் கட்டி நானும் மச்சானும் அதிகாலை பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ளே என்ன, சாமி சிலையா?” என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். கோவையில் லேப்காரர் கல்லைத் தொடக்கூட இல்லை, ஆபீஸ் லெட்டர் இல்லாமல் வாங்க மாட்டாராம். அறுபது கிலோவையும் திருப்பி மலை ஏற்றினோம்.

ரெண்டாவது தடவை லெட்டர் இருந்தது. ஆனால் அடித்துப் பதினாறு நாள்தான் ஆன கல். மண் கல்லை 28 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும், அதிலும் முதல் ரெண்டு நாள் தார்ப்பாய் மூடியே இருக்க வேண்டும், இது எனக்குத் தெரியும், ஆனாலும் அவசரம். லேபில் கல்லை ஒரு நாள் முழுக்க தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் அமுக்குவார்கள். மண் கல்லுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1725 கேட்டது சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் தாங்கும் பலம், எங்களுக்கு வந்தது 2.6. மெஷின் முள் ஏறிக்கொண்டே போய் சட்டென்று விழுந்தபோது மச்சான் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. மூன்றாவது தடவை 4.1. அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். நாள் கணக்கு முடிவதற்கு முன்னால் கல்லை வீட்டைவிட்டு வெளியே எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

பேஸ்மென்ட், சுவர், ஓடு புதைத்த கான்கிரீட் கூரை எல்லாம் பிரச்சினை இல்லாமல் நடந்தது, ஒரு வீட்டுக்கு ஏழு வீட்டு ஆளும் வேலை செய்தோம்.

அடுத்த இடி விழுந்தது லிண்டல் தவணையில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் மட்டம்வரை கட்டியதைப் பார்த்துத் தரும் பணத்தில். கொத்தனார் அண்ணன் பூகம்ப முறைப்படி பேஸ்மென்ட் மட்டத்தில் ஒரு பெல்ட் (கம்பி வைத்த கான்கிரீட் பட்டை), ஜன்னலுக்கு மேலே ஒரு பெல்ட், மூலைக்கு மூலை அடியிலிருந்து மேல்வரை நிற்கும் கம்பி என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். பெல்ட் வீட்டைச் சுற்றி விடாமல் ஓட வேண்டும், மூலையில் கம்பியை மடக்கி அடுத்த சுவருக்குள் இழுத்துவிட வேண்டும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, தீபாவளிக்குள் குடி போகும் ஆசையில் ரெண்டு வீட்டுக்குப் பூசியும் விட்டோம். லிண்டல் தவணைக்கு வந்தவர் புது ஆள். பெல்ட் எங்கே என்றார். உள்ளே இருக்கிறது சார் என்றேன். “உள்ள இருக்கறத நான் எப்படிங்க எழுதறது?”

காய்ந்து ரெண்டு நாள்கூட ஆகாத பூச்சை, நாலு மூலையிலும் ஒரு ஜாண் அகலத்துக்கு உளியால் கொத்தி, கான்கிரீட்டையும் லேசாக உடைத்துக் கம்பியைக் காட்டினோம். என் அம்மா வெளியே திண்ணையில் உட்கார்ந்து அவர் காதில் விழும்படியே திட்டிக்கொண்டிருந்தாள். அவர் டேப் வைத்து அளந்தார், போட்டோ எடுத்தார், பிறகு கொத்தனார் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, மூலையில் கம்பி மடக்குகிற கணக்கு என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அது மட்டும் கொஞ்சம் திருப்தி.

அதனால் கான்கிரீட் போடுவதற்கு முன்னாலேயே கம்பியைப் படம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் முகமும் கதவு எண் எழுதிய பலகையும் படத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் எந்த வீட்டு பெல்ட் என்று அடுத்த கேள்வி வரும். அப்புறம், கொத்தின இடத்தைப் பூசினாலும் நிறம் சேராது, எங்கள் ரெண்டு வீட்டு மூலையிலும் அந்தத் தழும்பு இன்னும் தெரிகிறது.

ஆறு வீட்டுக்குக் கடைசித் தவணை வந்துவிட்டது. ஏழாவது வீட்டு அக்காவுக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் ஒரு இனிஷியல். செவ்வாய்க்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். இந்தத் தடவை கல் தூக்க வேண்டியதில்லை.